எம்.எஸ். என்கிற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நரம்பு நோய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொண்டால் குணமாகிவிடுமா? வேலைக்குப் போக முடியுமா?

தங்கைக்காகக் கேட்டிருக்கிறீர்கள். வயது இருபத்தேழு, எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு ரிட்டுக்சிமாப் என்ற மருந்தை ஏற்ற வேண்டும் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லியிருக்கிறார், வீட்டில் ஆளுக்கொரு பேச்சு பேசுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘ஆளுக்கொரு பேச்சு’ கண்ணில் பட்டதால்தான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. அந்தப் பேச்சுகளுக்குக் காது கொடுத்துப் பதினான்கு மாதங்களை வீணாக்கினேன். அதன் பலனை என் இடது கால் இன்றும் அனுபவிக்கிறது.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். குணமாகாது. வேலைக்குப் போகலாம். நான் போகிறேன். புதுக்கோட்டையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறேன். 2019 ஜூலை முதல் இதுவரை 13 முறை மருந்து ஏற்றிக்கொண்டிருக்கிறேன். வருகிற அக்டோபரில் 14ஆவது முறை. நான் மருத்துவர் அல்ல. எவ்வளவு மருந்து, எப்போது என்பதையெல்லாம் உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அந்தக் கட்டிலில் படுத்தவளுக்குத் தெரிந்தது சில உண்டு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எனக்கு இது கண்ணில் ஆரம்பித்தது. 2018 மார்ச், முழு ஆண்டுத் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். வலது கண்ணைத் திருப்பினால் பின்பக்கம் யாரோ இழுத்துப் பிடிப்பதுபோல் வலித்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்தேன். மூன்றாம் நாள் சிவப்பு மையில் நான் போட்ட மதிப்பெண் எனக்கே சரியாகத் தெரியவில்லை. இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால் அந்தச் சிவப்பு, வெளுத்துப்போன செங்கல் நிறத்தில் இருந்தது. வலது கண்ணை மூடினால் பளிச்சென்று சிவப்பு. மாற்றி மாற்றி மூடிப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பார்வை நரம்பில் அழற்சி என்றார்கள். மெத்தில்பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டைத் தினமும் ஒரு கிராம் வீதம் ஐந்து நாள் ஏற்றினார்கள். சில வாரங்களில் பார்வை திரும்பிவிட்டது. ஆனால் மூளை எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நீண்ட கால மருந்தை இப்போதே தொடங்க வேண்டும் என்று மருத்துவர் அன்றே சொன்னார்.

கண்தான் சரியாகிவிட்டதே, பிறகு எதற்கு மருந்து என்றார் பெரியப்பா. புற்றுநோய்க்குக் கொடுக்கிற மருந்தைப் போய் இவளுக்கு ஏற்றுவதா என்று அத்தை அழுதார். அம்மாவுக்கு என் தங்கையின் கல்யாணக் கவலை. நான் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போவது தெரிந்தால் நல்ல இடம் தட்டிப்போகும் என்று பயந்தார். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கே அந்தப் பேச்சு வசதியாக இருந்தது. யாரோ வாங்கிக் கொடுத்த லேகியத்தைச் சாப்பிட்டுக்கொண்டு, எனக்கு ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

2019 மே, கத்திரி வெயில். கீழராஜ வீதியில் நடந்து போய்க்கொண்டிருந்தேன். ஒரு பூக்காரம்மா, “இந்தாம்மா, செருப்பை விட்டுவிட்டுப் போகிறாயே” என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தால் நான்கு கடை தள்ளி என் இடது கால் செருப்பு கிடக்கிறது. அது கழன்றதும் தெரியவில்லை, அந்த வெயிலில் வெறுங்கால் தார்ச்சாலையில் பட்டதும் தெரியவில்லை. சூடு உறைக்காத அந்தப் பாதத்தைப் பார்த்த கணத்தில் வந்த பயம்போல் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இரண்டு நாளில் கால் இழுக்கத் தொடங்கியது. தண்டுவடத்தில் புதிதாக ஒரு புண். மறுபடி ஸ்டீராய்டு. நடை வந்தது, ஆனால் முழுதாக வரவில்லை.

தமிழில் இதைத் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. மூளை, கண் நரம்பு, தண்டுவடம் மூன்றையும் தாக்குகிற நோய் இது. நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையை அரிக்கிறது. ரிட்டுக்சிமாப் அந்தத் தாக்குதலுக்குத் துணை போகும் பி அணுக்கள் என்ற ஒருவகை வெள்ளை அணுக்களைக் குறைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஏற்கெனவே அரித்துப்போனதை அது திருப்பித் தராது. இதைத்தான் உங்கள் வீட்டார் அனைவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால், “இவ்வளவு செலவு செய்தும் இன்னும் காலை இழுத்துக்கொண்டுதானே நடக்கிறாய்?” என்று கேட்பார்கள். என்னை இன்னமும் கேட்கிறார்கள். புதிதாக எதுவும் நடக்காமல் இருப்பதுதான் இந்த மருந்து தரும் பலன். நடக்காத ஒன்றை யாருக்குக் காட்டுவது? எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘புதிய புண்கள் இல்லை’ என்ற ஒரு வரி இருக்கும். ஒவ்வொரு முறையும் அதை அம்மாவிடம் சத்தமாகப் படித்துக் காட்டுவேன்.

மருந்து ஏற்றும் நாள் எப்படி இருக்கும் என்று தங்கை பயப்படுவார். நாங்கள் விடியற்காலைப் பஸ்ஸில் திருச்சி போய்விடுவோம். முதலில் பாராசிட்டமால், அலர்ஜிக்கு ஓர் ஊசி, கொஞ்சம் ஸ்டீராய்டு. அரை மணி கழித்துத்தான் மருந்து. முதல் முறை மணிக்கு 50 மில்லிகிராம் என்று மெதுவாகத் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை வேகத்தைக் கூட்டினார்கள். எனக்கு இரண்டாவது மணி நேரத்தில் தொண்டை அரித்தது. பிறகு காதுக்குள், விரல் எட்டாத இடத்தில் அரித்தது. சொல்லலாமா, பெரிதுபடுத்துகிறேன் என்று நினைப்பார்களோ என்று தயங்கினேன். அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடினார். சிஸ்டர் வந்து உடனே இயந்திரத்தை நிறுத்தினார். “சொல்ல வேண்டாமா அக்கா? இதற்காகத்தானே நாங்கள் இருக்கிறோம்” என்றார். இன்னோர் ஊசி, அரை மணி ஓய்வு, பாதி வேகத்தில் மறுபடி தொடக்கம். அன்று முடிய மாலை ஆகிவிட்டது. ஆறு மாத இடைவெளியெல்லாம் பிறகுதான்; தொடக்கத்தில் பதினைந்து நாள் கழித்தே இரண்டாவது முறை ஏற்றினார்கள், அப்போது ஓர் அரிப்பும் இல்லை. முதல் முறைதான் இப்படி ஆவது அதிகம் என்றார்கள். தங்கையிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சிறு அரிப்போ நடுக்கமோ படபடப்போ, அந்த நொடியே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இதைப் படித்துவிட்டுச் சிலர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். எம்.எஸ். நோய்க்கென்று அனுமதி பெற்ற மருந்தா இது என்று கேட்பார்கள். 1997இல் அமெரிக்காவில் நிணநீர்ப் புற்றுநோய்க்குத்தான் இது அனுமதி பெற்றது, உண்மை. ஆனால் ஸ்வீடனில் எம்.எஸ். நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக இதைத்தான் பரவலாகக் கொடுத்துவருகிறார்கள். 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் எம்.எஸ். நோய்க்காகவும் இதைச் சேர்த்தது. இதே வகையைச் சேர்ந்த ஒக்ரிலிசுமாப் 2017இல் எம்.எஸ். நோய்க்கென்றே அனுமதி பெற்றது. வாங்க முடிந்தவர்கள் தாராளமாக வாங்கட்டும். 2007 முதல் நம் நாட்டிலேயே ரிட்டுக்சிமாப் தயாராகிறது. என்னைப்போன்ற ஆசிரியையின் சம்பளத்துக்கு எட்டுவது அதுதான். நாட்டு மருந்தை இழிவுபடுத்துகிறேன் என்றும் யாரும் எழுத வேண்டாம். காய்ச்சல் என்றால் நிலவேம்புக் கஷாயம் வைக்கிற வீடுதான் எங்களுடையது. அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதீர்கள் என்கிறேன்.

ஆபத்தே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எதிர்ப்பாற்றலைக் குறைக்கிற மருந்து இது. எனக்குச் சிறுநீர்த் தொற்று இரண்டு முறை வந்திருக்கிறது. உறங்கிக் கிடக்கும் ஹெப்படைடிஸ் பி கிருமியை இது எழுப்பிவிடக்கூடும் என்பதால் முன்பே ரத்தப் பரிசோதனை செய்வார்கள். போட வேண்டிய தடுப்பூசிகளை முதல் முறை ஏற்றுவதற்கு முன்பே போட்டுக்கொள்வது நல்லது, பிறகு போட்டால் அவ்வளவாகப் பிடிக்காது. இவற்றை மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள். கூட்டம் அதிகமான நாளில் அவர் சொல்ல மறந்துபோகலாம்.

வேலையைப் பொறுத்தவரை எனக்கு எதிரி மருந்து அல்ல, வெயில். உடல் சூடானால் பழைய குறைகள் தலைகாட்டும். 1890இலேயே ஊட்ஹாஃப் என்ற ஜெர்மானிய கண் மருத்துவர் இதை எழுதிவைத்திருக்கிறார். ஏப்ரலில் கடைசிப் பாடவேளைக்குள் கரும்பலகை மங்கும், கால் கனக்கும். ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால் அரை மணியில் தெளிந்துவிடும். குளிர்ந்ததும் போய்விட்டால் பயமில்லை. காய்ச்சல் எதுவும் இல்லாமல் புதிய தொல்லை ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லத்தான் போகிறேன். மனம் ஆறவில்லை. போன தை மாதம் சித்தப்பா மகன் கல்யாணம். மண்டபத்தில் பந்தி மாடியில். வழவழவென்று கிரானைட் படிகள் 26, ஒரு பக்கம் கைப்பிடியே இல்லை. லிஃப்ட் இருக்கிறது, ஆனால் அது சமையல் பாத்திரம் ஏற்றுவதற்காம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் மேலே போனபின் முதல் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிற பையன் ஒருவன் பார்த்துவிட்டு, ஒரு தட்டில் இட்லியும் கேசரியும் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தான். அவன் நன்றாக இருக்கட்டும். ஆனால் இலை போட்டுச் சொந்தபந்தத்தோடு உட்கார்ந்து சாப்பிடத்தானே கல்யாணத்துக்குப் போகிறோம்? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 குறைபாடுகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். எம்.எஸ். அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. லட்சக்கணக்கில் வாடகை வாங்கும் மண்டபங்களுக்குப் படிக்கு ஒரு கைப்பிடி வைக்கத் தோன்றவில்லை. முழங்கால் வலியோடு வந்த என் பெரியம்மாவும் அன்று பாதிப் படியில் நின்றுவிட்டுத் திரும்பினார்.

சரி, உங்கள் தங்கைக்கு வருகிறேன். மருந்து ஏற்றுவதற்கு முந்தைய நாள் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள், ஊசி போட ரத்தக்குழாய் எளிதில் கிடைக்கும். ஊசியை எழுதாத கையில் போடச் சொல்லுங்கள். அறையில் ஏ.சி. குளிரும், ஒரு ஸ்வெட்டரும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். அலர்ஜி ஊசி போட்டபின் தூக்கம் கண்ணைச் சுற்றும், அதனால் தனியாக அனுப்பாதீர்கள். முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். ‘புற்றுநோய் மருந்து’ என்று புலம்பும் உறவினர் யாரையும் அன்று அழைத்துப் போக வேண்டாம்.