கருஞ்சீரகச் சாறு இருக்க இன்ஹேலர் எதற்கு?

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஆஸ்துமாவுக்காகத் தினமும் காலையும் இரவும் ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுக்கிறாள். கருஞ்சீரகச் சாறு கினிப்பன்றியின் மூச்சுக்குழாயைத் தளர்த்தியதாகப் படித்தேன். இன்ஹேலரை நிறுத்திவிட்டு அதைக் கொடுக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். நீங்கள் படித்தது பொய்யில்லை. ஈரானின் மஷ்ஹத் நகர ஆய்வாளர்கள் கருஞ்சீரகத்தை அப்படிச் சோதித்திருக்கிறார்கள். ஆனால் சோதனை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். விலங்கின் மூச்சுக்குழாயை வெட்டியெடுத்து, வளையங்களாக நறுக்கி, 37 டிகிரி உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, ஆக்சிஜன் கலந்த வாயுவைச் செலுத்துவார்கள். மெத்தகோலின் போன்ற ஒன்றைச் சேர்த்துத் தசையைச் சுருங்க வைப்பார்கள். அப்புறம் சாற்றை விட்டு, தசை எவ்வளவு தளர்கிறது என்று, மூச்சுக்குழாயைத் தளர்த்தும் தியோபிலின் மருந்தோடு ஒப்பிடுவார்கள். அங்கே வயிறும் இல்லை, கல்லீரலும் இல்லை; சாறு நேரே தசையில் படுகிறது. குடிக்கும் சாறு அப்படிப் போய்ச் சேராது. கினிப்பன்றியின் மூச்சுக்குழாய், ஒவ்வாமையின்போது உடலில் வெளிப்படும் ஹிஸ்டமினுக்குச் சட்டென்று சுருங்கும். எலியுடையது அவ்வளவாக அசையாது. ஆக, விலங்கைப் பொறுத்தே முடிவு மாறும்.

இதைவிட முக்கியமான விஷயம்: அந்தச் சாறு வேலை செய்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்தச் சோதனை காட்டுவது தசை தளர்வதைத்தான். உங்கள் மகளின் தினசரி இன்ஹேலர் குழாயின் உட்சுவர் வீக்கத்தை அடக்குகிறது. இரண்டும் வேறு வேலை. அதை நிறுத்தினால் மறுநாளே இளைப்பு வராமல் போகலாம். வீக்கம் மெல்லத்தான் திரும்பும். அந்த இடைவெளியில்தான் பல பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

மூலிகையிலிருந்து நல்ல மருந்து வராது என்று சொல்லவில்லை. எகிப்தியச் செடி ஒன்றில் உள்ள கெல்லின், மென்தசையை, அதாவது மூச்சுக்குழாயில் இருப்பது போன்ற தசையை, தளர்த்தும். அதை ஒட்டிய ரசாயனங்களை ஆஸ்துமா நோயாளியான மருத்துவர் ராஜர் ஆல்டூன்யன் தன் மீதே சோதித்தார். 1965இல் கிடைத்த குரோமோகிளைகேட் என்ற ஆஸ்துமா மருந்து, வேடிக்கை என்னவென்றால், தசையைத் தளர்த்துவதே இல்லை. ஒவ்வாமையால் வரும் சுருக்கத்தை முன்கூட்டியே தடுக்கிறது!

ஆடாதோடையும் அப்படித்தான். அதிலுள்ள வாசிசின் வழியில் வந்த புரோம்ஹெக்சின் சளியை இளக்கும் மருந்து. அதே வாசிசின் கருப்பைத் தசையைச் சுருக்கும் என்பதால் கர்ப்பிணிகள் ஆடாதோடைக் கஷாயத்தைத் தவிர்ப்பது நல்லது.

சமையலில் கருஞ்சீரகம் தாராளமாகச் சேருங்கள். சாறு கொடுப்பதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, இன்ஹேலரோடு சேர்த்துத்தான். மூன்று மாதம்போல இளைப்பே இல்லாமல் இருந்தால், ஸ்டீராய்டு அளவைக் குறைக்கலாமா என்று அவரிடமே கேளுங்கள். திணறி முழு வாக்கியம் பேச முடியாமல் போனாலோ உதடு நீலம் பாரித்தாலோ, மூச்சுக்குழாயை உடனே விரிக்கும் நிவாரண இன்ஹேலரைக் கொடுத்தபடியே உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.