எதிர்ப்பவர்கள் பிரிந்து நிற்பதாலேயே ஒருவர் பிரைமரியில் வென்றுவிட முடியுமா?

கட்சிக்குள் பெரும்பாலோர் விரும்பாத ஒருவர், எதிர்ப்பவர்கள் பலராகப் பிரிந்து நிற்பதால் மட்டுமே பிரைமரியில், அதாவது அமெரிக்கக் கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உள்தேர்தலில், வெல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் அந்தப் பிரிவைப் பேராளர் (வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதி) எண்ணிக்கையாக மாற்றித் தரும் விதியும் கூடவே இருக்க வேண்டும்.

சிங்கப்பூரில் பிரைமரி கிடையாது என்றாலும், வாக்குச் சிதறலை நாம் கண்கூடாகப் பார்த்திருக்கிறோம். 2011 அதிபர் தேர்தலில் போட்டியிட்ட நால்வருக்குமே குடும்பப் பெயர் டான். வாக்களித்துவிட்டு வந்த என் அம்மா, "பேரையெல்லாம் யார் படிச்சா, சின்னத்தத்தான் பாத்தேன்" என்றார். டோனி டான் 35.20 விழுக்காடும் டான் செங் போக் 34.85 விழுக்காடும் பெற, வெறும் 7,382 வாக்குகளில் முடிவு தீர்மானமாயிற்று. மூன்றாவதாக வந்த டான் ஜீ சேயிடம் 25.04 விழுக்காடு இருந்தது.

அமெரிக்காவில் 2016 பிப்ரவரி 20 அன்று தென் கரோலினாவில் நடந்த குடியரசுக் கட்சிப் பிரைமரியும் ஏறக்குறைய இதே கணக்குதான். இங்கே அப்போது ஞாயிறு காலை. காப்பிக்கடையில் பரோட்டாவுக்குக் காத்திருந்தபடியே கைப்பேசியில் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம்ப் 32.5, ரூபியோ 22.5, குரூஸ் 22.3 விழுக்காடு. மாநில அளவில் முதலிடம் பெறுபவருக்கு 29 பேராளர்கள், ஏழு காங்கிரஸ் தொகுதிகளில் ஒவ்வொன்றிலும் முதலிடம் பெறுபவருக்குத் தலா 3 பேர் என்பது அங்குள்ள விதி என்பதால், மூன்றில் ஒரு பங்கு வாக்குகூட முழுதாகப் பெறாத டிரம்ப் 50 பேராளர்களையும் அள்ளிச் சென்றார். ஜனநாயகக் கட்சியில் 15 விழுக்காட்டைத் தாண்டியவர்கள் பேராளர்களை விகிதாசாரப்படி பகிர்ந்துகொள்வதால், அதே வாக்குகள் அவர்களிடையே விழுந்திருந்தால் மூவருக்கும் பங்கு கிடைத்திருக்கும்.

இருப்பினும், ரூபியோவின் வாக்குகளையும் குரூஸின் வாக்குகளையும் கூட்டி "44.8" என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. குரூஸ் விலகியிருந்தால் அவருடைய ஆதரவாளர்களில் கணிசமானோர் டிரம்ப் பக்கமே சாய்ந்திருக்கக்கூடும்.

பிரிந்தவர்கள் பிற்பாடு கைகோக்க முயன்ற கதையும் உண்டு. நம் எதிர்க்கட்சிகள் மும்முனைப் போட்டியைத் தவிர்க்கத் தொகுதிகளைப் பேசிப் பிரித்துக்கொள்வதைப் போல, 2016 ஏப்ரலில் குரூஸும் மற்றொரு போட்டியாளரான கேசிக்கும் மாநிலங்களைப் பிரித்துக்கொண்டனர். இந்தியானா குரூஸுக்கு, ஓரிகனும் நியூ மெக்சிகோவும் கேசிக்குக்கு. ஆனால் உடன்பாட்டின் மை காய்வதற்குள், இந்தியானாவில் உள்ள தம் ஆதரவாளர்கள் தமக்கே வாக்களிக்க வேண்டும் என்று கேசிக் கூறிவிட்டார். அங்கே டிரம்ப் 53 விழுக்காடு பெற்றார். அன்றிரவே குரூஸ் விலகினார்.

2020இல் ஜனநாயகக் கட்சியில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சாண்டர்ஸ் முன்னிலையில் இருந்த வேளையில், 14 மாநிலங்கள் வாக்களித்த மார்ச் 3க்கு முன்பே மற்ற போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுச்சாரும் விலகி பைடனை ஆதரித்தனர். பைடன் 10 மாநிலங்களை வென்றார். விலகிய இருவரும் குரூஸையும் கேசிக்கையும்விடப் பெருந்தன்மை மிக்கவர்கள் என்று நான் நினைக்கவில்லை. யார் பின்னால் திரள்வது என்ற வழக்கை, சில நாள்களுக்கு முன் தென் கரோலினாவில் பைடன் பெற்ற பெரும் வெற்றியே தீர்த்து வைத்திருந்தது. 2016இல் அப்படி ஒருவர் தேறவில்லை.