"மிஸ், போன்ல என்னமோ வந்துச்சு": சின்னப் பிள்ளைகளும் இணையமும் – கேள்வி பதில்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பத்தொன்பது வருடமாகப் பாடம் எடுக்கிறேன். கொரோனா காலத்தில் வகுப்பு போனுக்குள் போனது. வகுப்பு திரும்பி வந்துவிட்டது, போன் பிள்ளைகள் கையிலேயே தங்கிவிட்டது. அதிலிருந்து பக்கத்துப் பள்ளிகளுக்கும் போய் இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்து வருகிறேன். எனக்குத் தெரிந்தது ஆறு முதல் எட்டு வயது வரைதான். அதற்கு மேல் கேட்டால் கைவிரித்துவிடுவேன். சரி, கேளுங்கள்.

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, தேனி: பையன் இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறான். இவனுக்கு இன்டர்நெட் பாதுகாப்பு என்று எதைச் சொல்வது? எங்கே ஆரம்பிப்பது டீச்சர்?

எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைதான் மைக்கை அமுக்கி, வாயால் சொல்லித் தேடும். அதனால் படிக்கத் தெரியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

நான் போனை வைத்து ஆரம்பிப்பதில்லை. கரும்பலகையில் இரண்டு வட்டம் போடுவேன். ஒன்று 'ஊர் விஷயம்', இன்னொன்று 'வீட்டு விஷயம்'. மாம்பழம் பிடிக்கும், எங்கள் நாய் கறுப்பு, எனக்கு யானை வரையத் தெரியும் என்பதெல்லாம் ஊர் விஷயம். பள்ளியின் பெயர், தெரு, அப்பா நம்பர், வீட்டில் யாரும் இல்லாத நேரம் எல்லாம் வீட்டு விஷயம். பிள்ளைகளே எழுந்து வந்து எதை எந்த வட்டத்தில் போடுவது என்று சண்டை போடுவார்கள். அந்தச் சண்டைதான் பாடம்.

இதில் ஒரு சிக்கல் வரும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தால் சொல்லட்டும் என்று நாமே அப்பா நம்பரை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறோம். இப்போது சொல்லாதே என்கிறோம். பிள்ளை குழம்பும். 'தொலைந்துபோனால் போலீஸ்காரரிடம், கடைக்காரரிடம் சொல்லலாம். போனுக்குள் இருந்து யார் கேட்டாலும் சொல்லக் கூடாது' என்று பிரித்தே சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் போதாது.

அடுத்து, 'தெரியாதவர்களிடம் பேசாதே' என்பது. இதை நான் சொல்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. தெரியாத ஆள் எப்படி இருப்பார் என்று வரையச் சொன்னேன். வகுப்பில் பாதிப் பேர் பெரிய மீசை, தோளில் சாக்குமூட்டை என்று பிள்ளைபிடிக்கிறவனை வரைந்துகொண்டு வந்தார்கள். விளையாட்டில் வருகிற ஆளுக்கு மீசை இருக்காது. பூனைக்குட்டிப் படம் இருக்கும், 'வா விளையாடலாம்' என்று கூப்பிடும். மூன்றாம் நாள் பிள்ளையைப் பொறுத்தவரை அது தெரிந்த ஆள். அதனால் நான் சொல்லித்தருவது ஒரே கேள்வி: 'இவங்களை அம்மா நேர்ல பாத்திருக்காங்களா?' இல்லை என்றால் எத்தனை நாள் சேர்ந்து விளையாடியிருந்தாலும் வீட்டு விஷயம் பேசக் கூடாது.

மூன்றாவதுதான் முக்கியம். வயிற்றைப் பிசைகிற மாதிரி எதையாவது பார்த்தால், போனைக் குப்புற வைத்துவிட்டு எழுந்து வந்து பெரியவர்களிடம் சொல்ல வேண்டும். மூடு, பின்னால் போ என்று சொல்லித் தராதீர்கள். பதற்றத்தில் ஆறு வயது விரல் எதையாவது அமுக்கும், இன்னொரு விளம்பரம் திறக்கும். வகுப்பில் சிலேட்டை வைத்துப் பழக்குகிறேன். 'படம்' என்றால் பார்க்க வேண்டும், 'பயம்' என்றால் குப்புற வைத்துவிட்டு என்னிடம் ஓடி வர வேண்டும். சிரித்துக்கொண்டேதான் ஓடி வருவார்கள், பரவாயில்லை.

அப்படி வந்து சொன்ன பிள்ளைக்குத் திட்டு விழக் கூடாது. போனையும் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் அடுத்த தடவை உங்களிடம் வராது. இதை இன்று பல தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா, ஓசூர்: கன்ட்ரோல் பண்ண எந்த ஆப் நல்லது?

ஆண்ட்ராய்டு என்றால் கூகுளின் ஃபேமிலி லிங்க் போதும், காசு கேட்காது. பிள்ளைக்குத் தனிக் கணக்கு, நேரக் கட்டுப்பாடு, நீங்கள் ஒப்புக்கொண்டால்தான் புது ஆப் இறங்கும். வீடியோவுக்கு யூடியூப் கிட்ஸ். ஆனால் அதைப் போட்டுக் கொடுத்ததோடு வேலை முடியவில்லை. 2017-இல் பிள்ளைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் உருவங்களை வைத்தே வன்முறையும் ஆபாசமுமாக எடுத்த வீடியோக்கள் அதற்குள்ளேயே புகுந்தன. பிறகுதான் பெரிய அளவில் நீக்கினார்கள். அமைப்புகளுக்குள் போனால் நீங்கள் தேர்ந்தெடுத்த வீடியோக்களும் சேனல்களும் மட்டும் தெரிகிற மாதிரி வைக்கலாம், அப்போது தேடலும் இருக்காது. ஆறு வயதுக்கு அதுதான் சரி.

உங்கள் போனையே கொடுப்பதாக இருந்தால், ஒரே ஆப்பைத் திரையில் பூட்டிக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங், ஐபோனில் கைடட் ஆக்சஸ். இரண்டும் போனிலேயே இருக்கின்றன, தேடி இறக்க வேண்டாம்.

பெயர் சொல்லாதவர்: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போன் கொடுக்கலாம்?

இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 5 முதல் 10 வயதுக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக என்கிறது. கண், தூக்கம் பற்றி மருத்துவரைக் கேளுங்கள். என் கவலை எத்தனை மணி நேரம் என்பதல்ல, எந்த அறையில் என்பது. கதவு சாத்திய அறையில் பத்து நிமிடமும் வேண்டாம். கூடத்தில், சத்தம் வெளியே கேட்கிற மாதிரி, ஹெட்போன் இல்லாமல்.

ஏழு வயதுப் பெண்ணின் அப்பா, ஈரோடு: பெண் விளையாட்டில் டைமண்ட் வாங்கி 2,300 ரூபாய் காலி. பின் நம்பர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றே புரியவில்லை. இரண்டு அடி வைத்தேன். இனி போனே கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

மளிகைக் கடையில் உங்கள் இடுப்பு உயரத்தில் நின்று தினமும் நீங்கள் அமுக்குவதைப் பார்க்கிறாளே, அப்படித்தான் தெரிந்தது. யுபிஐ பின்னை மாற்றுங்கள், இனி திரும்பி நின்று அமுக்குங்கள். பிளே ஸ்டோரில் ஒவ்வொரு முறை வாங்கும்போதும் சரிபார்ப்பு கேட்கும்படி வையுங்கள். பிளே ஸ்டோர் வழியாக வாங்கி 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் அங்கேயே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். யாராவது ஏமாற்றிப் பறித்திருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். அதில் தாமதித்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

அடித்தது பற்றி: அவளுக்கு அது பணம் இல்லை சார், திரையில் மின்னுகிற கல். 2,300 ரூபாய்க்கு எத்தனை பென்சில் பெட்டி, எத்தனை கிலோ அரிசி என்று கடைக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள். 'இனி போனே கிடையாது' என்றால் பாட்டி போனில் விளையாடுவாள், அதில் என்ன நடந்தாலும் உங்களுக்குத் தெரியவராது.

அம்மா, மதுரை: நல்ல ஆப் ஏதாவது சொல்லுங்களேன்.

மேலே ஓசூர்க்காரருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாம் வகுப்புப் பெண்ணின் அம்மா, கோவை: எங்கள் பள்ளியில் பிறந்தநாள் என்றால் பிள்ளையின் படம், முழுப் பெயர், வகுப்பு எல்லாம் போட்டு முகநூலில் வாழ்த்துகிறார்கள். வேண்டாம் என்று சொன்னால் 'எல்லாப் பெற்றோரும் சந்தோஷப்படுகிறார்களே' என்கிறார்கள். நான்தான் அதிகம் யோசிக்கிறேனா?

இல்லை. இரண்டு வட்டம் சொன்னேனே, அந்த வாழ்த்தில் வீட்டு விஷயம் மொத்தமும் இருக்கிறது. முகம், பெயர், பிறந்த தேதி, வகுப்பு, பின்னால் பள்ளியின் பெயர்ப்பலகை. பள்ளி வாசலில் நின்று பெயர் சொல்லி, 'நேத்து பொறந்தநாள்தானே, மாமா சாக்லேட் வாங்கிருக்கேன்' என்று கூப்பிட ஒருவனுக்கு இவ்வளவு போதும். பிள்ளையிடம் மறைக்கச் சொல்வதை நாமே பலகை போட்டு மாட்டுகிறோம்.

சம்மதம் இல்லை என்று தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது, பெற்றோர் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. சட்டத்தைக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. காகிதத்தில் இருந்தால் பள்ளிகள் கேட்கும்.

தனியார் பள்ளி ஆசிரியர்: மேடம், இது கொஞ்சம் அதிகம். ஆண்டு விழா வீடியோ போடாவிட்டால் 'என் பிள்ளை ஆடியதைப் போடவில்லை' என்று பெற்றோர்தான் முதலில் சண்டைக்கு வருகிறார்கள். பக்கத்துப் பள்ளி போடுகிறது, நாங்கள் போடாவிட்டால் அட்மிஷன் குறைகிறது. குற்றவாளி நாங்கள் மட்டும்தானா?

நீங்கள் சொல்வது நியாயம். நானே குற்றவாளிதான். சில வருடம் முன்பு வரை என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் வகுப்புப் படம் போட்டேன். ஒரு நாள் பழைய வாஷிங் மெஷின் விற்க வந்தவர், 'உங்க கிளாஸ்ல அந்த ரெட்டை ஜடைப் பாப்பா நல்லா ஆடுது மேடம்' என்றார். அவர் நல்லவர்தான். ஆனால் என் போனில் அவர் நம்பர் இருக்கிறது என்பதையே நான் மறந்திருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

போடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. தூரத்திலிருந்து கூட்டமாக, பெயர் இல்லாமல், விழா முடிந்தபின் போடுங்கள். தனிப் பிள்ளையின் படத்தை அந்தந்தப் பெற்றோருக்கு மட்டும் அனுப்புங்கள்.

தாத்தா, தஞ்சாவூர்: பேத்தி படத்தைச் சொந்தக்காரர்கள் குழுவில் போடுவதும் தப்பா? 140 பேர், எல்லாரும் ரத்த உறவு.

ஐயா, 140 பேரையும் வரிசையாகப் பெயர் சொல்ல முடியுமா? முடிந்தால் போடுங்கள். குளிக்கிற படம், உடுப்பு மாற்றுகிற படம் மட்டும் உறவுக்குள்ளும் வேண்டாம். அப்புறம் பேத்தியிடம் 'போடட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஏழு வயதில் தன் படத்துக்குத் தாத்தாவே சம்மதம் கேட்டார் என்றால், நாளைக்கு வேறு எவனாவது படம் கேட்கும்போது 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரும்.

தனியார் பள்ளி ஆசிரியர்: அப்போ பெற்றோர் போடுகிற ரீல்ஸ்?

அதற்குத் தனியாக ஒரு நாள் உட்கார வேண்டும் சார். இன்று விட்டுவிடுங்கள், கேள்விகள் குவிந்து கிடக்கின்றன.

அம்மா, நாகர்கோவில்: பிள்ளைகளைத் தற்கொலைக்குத் தூண்டும் புது விளையாட்டு வந்திருக்கிறது என்று ஒரு கோரமான முகத்தோடு ஃபார்வர்டு வருகிறது. பிள்ளைக்குக் காட்டி எச்சரிக்கவா?

காட்டாதீர்கள். 2019-இல் 'மோமோ' என்று இதே மாதிரி உலகம் முழுக்கச் சுற்றியது. அந்த முகம் ஜப்பானில் 2016-இல் ஒரு கலைஞர் செய்த சிலை. அப்படி ஒரு சவாலுக்கு ஆதாரமே இல்லை என்று பிரிட்டனின் குழந்தை நல அமைப்புகள் சொன்னன. பிள்ளைகளைப் பயமுறுத்தியது எச்சரிக்கிறேன் என்று பெரியவர்கள் காட்டிய படம்தான். எந்த விளையாட்டாக இருந்தாலும் பாடம் ஒன்றே: பயமாக இருந்தால் குப்புற வை, வந்து சொல்.

பெயர் சொல்லாதவர்: குழந்தை சம்பந்தப்பட்ட ஒரு மோசமான வீடியோ குழுவில் வந்தது. எல்லாரும் எச்சரிக்கையாக இருக்க இங்கே போடட்டுமா?

போடவே கூடாது. நல்ல எண்ணத்தில் அனுப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி-யின் கீழ் குற்றம். இறக்கி வைத்திருப்பதும் குற்றமாகலாம் என்று 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்தில் குழந்தைகள் சார்ந்த புகாரைப் பெயர் சொல்லாமலே கொடுக்கலாம். இன்றே கொடுங்கள்.

அப்பா, வேலூர்: பிள்ளைகள் போனை லாக் பண்ண சிறந்த ஆப்?

ஓசூர். மேலே. ஆப் தேடுகிற நேரத்தில் பிள்ளை பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து, என்ன பார்க்கிறது என்று பாருங்கள்.

அம்மா, சேலம்: பத்தாம் வகுப்புப் பெண் இன்ஸ்டாகிராமில்...

என் வகுப்பு மூன்றோடு முடிகிறது அம்மா. உங்கள் பள்ளியில் ஆலோசகர் இருந்தால் அவரிடம் போங்கள்.

பெயர் வேண்டாம்: என் எட்டு வயதுப் பையனிடம் விளையாட்டில் ஒருவன் சட்டை இல்லாமல் படம் கேட்டிருக்கிறான். பையன் அனுப்பவில்லை, நேற்று ராத்திரி என்னிடம் சொன்னான். கை நடுங்குகிறது.

முதலில் மூச்சு விடுங்கள். பையன் அனுப்பவும் இல்லை, உங்களிடம் சொல்லியும் விட்டான். இதைவிடப் பெரிதாக அவன் எதையும் செய்திருக்க முடியாது. 'சொன்னது நல்லது, உன் மேல தப்பே இல்லை' என்று இன்னொரு முறை அவனிடம் சொல்லுங்கள்.

உரையாடலை அழிக்காதீர்கள். ஆத்திரத்தில் பதில் எழுதாதீர்கள், பையன் மாதிரி நடித்து ஆளைப் பிடிக்கவும் முயலாதீர்கள். படம் கேட்ட ஆளின் கணக்குப் பெயர், தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அப்புறம் பிளாக் செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியுங்கள். இது போக்சோ சட்டத்துக்குள் வருகிற விஷயம். காவல் நிலையத்தில் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது, சீருடையில் வந்து விசாரிக்கக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது, அதனால் போகத் தயங்க வேண்டாம்.

விளையாட்டை இரண்டு நாள் நிறுத்துங்கள். ஆனால் 'நீ தப்பு பண்ணதால' என்று சொல்லாமல், 'அந்த ஆள் தப்பானவன், போலீஸ் பாக்குறாங்க, அதுவரை' என்று சொல்லுங்கள். இரண்டும் ஒன்றல்ல.

அப்பா, திருப்பூர்: எந்த ஆப்...

ஓசூர்.

ஒன்றாம் வகுப்புப் பையனின் அம்மா, தேனி: டீச்சர், முதலில் கேட்டேனே, நான்தான். இப்போதே இரண்டு வட்டம் போட்டுப் பார்த்தோம், நன்றாகப் புரிந்துகொண்டான். அப்புறம் நானே பூனைக்குட்டி மாதிரி குரல் மாற்றி, 'நீ எந்த ஸ்கூல்?' என்று கேட்டேன். 'சொல்ல மாட்டேன், அது வீட்டு விஷயம்' என்றான். எனக்கு ஒரே பெருமை. உடனே, 'ஆனா ஸ்கூல் முன்னாடி பெரிய தண்ணி டேங்க் இருக்கும், பக்கத்துல மாரியம்மன் கோயில், மூணரைக்கு விடுவாங்க, எங்க ஆட்டோ நம்பர் சொல்லட்டுமா?' என்கிறான்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பெயர் சொல்லக் கூடாது என்பது பிடிபட்டுவிட்டது. நாளைக்குத் தண்ணி டேங்க்கில் ஆரம்பியுங்கள்.