கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: சிங்கப்பூர் அறநிறுவனங்கள் பற்றிய கேள்வி பதில்

அறநிறுவனக் கணக்குகளைப் பார்ப்பது, நேரம் கிடைத்தால் தொண்டூழியம் என்று பல வருடங்கள் போய்விட்டதால், நன்கொடை பற்றிச் சந்தேகம் வந்தால் என்னைக் கேட்பது பலருக்கு வழக்கமாகிவிட்டது. அண்மையில் வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவை இவை.

எம்ஆர்டி வாசலில் டின்னோடு நிற்கும் மாணவர்களுக்குப் பணம் போடலாமா? எது உண்மை என்று எப்படித் தெரியும்? (யீஷூன், இல்லத்தரசி)

தாராளமாகப் போடலாம். தெருவில் நிதி திரட்ட உரிமம் வேண்டும். டின் முத்திரையிட்டு மூடியிருக்க வேண்டும், அதன்மேல் அமைப்பின் பெயர் இருக்க வேண்டும், நிற்பவரிடம் அதிகாரச் சீட்டு இருக்க வேண்டும். "அட்டையைக் காட்டுப்பா" என்று அன்பாகக் கேட்டால் எந்த மாணவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் கூடுதலாகக் கவனிப்பது பேனா, சாவிக்கொத்து விற்றுக்கொண்டு வருபவர்களைத்தான். "இதில் ஒரு பகுதி அறநிறுவனத்துக்கு" என்பார்கள். எவ்வளவு பகுதி? நீங்கள் அமைப்பின் ஆளா, வெளி நிறுவனமா? இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் சுற்றி வளைத்து வந்தால் வாங்காமல் நடந்துவிடலாம்.

அண்ணே, கொடுத்த பணம் ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று எங்களைப் போன்ற சாதாரண ஆட்கள் எப்படிப் பார்ப்பது? (செங்காங், லாரி ஓட்டுநர்)

பார்க்கலாம், கைப்பேசியே போதும். அறநிறுவனங்களை மேற்பார்வையிடும் அரசு அதிகாரியான அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் அமைப்பின் பெயரைத் தட்டினால் பதிவு, ஐபிசி தகுதி (கொடுப்பவருக்கு வரிக் கழிவு பெற்றுத்தரும் தகுதி), நிதிநிலைச் சுருக்கம் எல்லாம் வரும். ஆண்டறிக்கை கிடைத்தால் முதலில் வரும் சிரித்த முகப் படங்களைத் தாண்டிக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள்.

அங்கே நான் முதலில் பார்ப்பது நிதி திரட்டும் செலவு. நன்கொடையாக வந்ததில் 30 விழுக்காட்டுக்கு மேல் அதற்குப் போகக்கூடாது என்பது விதி. அடுத்தது சேமிப்பு. புது நன்கொடை ஒரு காசு வராவிட்டாலும் எத்தனை வருடம் ஓட்டலாம்? ஒன்றிரண்டு வருடத்துக்குக் கையிருப்பு வைத்திருப்பது பொறுப்பான காரியம். அதற்கும் மேலே குவிந்திருந்தால் எதற்காக என்று அறிக்கையிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் மேல்நிலை ஊழியர் சம்பளம். அதிகச் சம்பளம் வாங்கும் மூவருடைய ஊதிய வரம்பை வெளியிட வேண்டும் என்று நல்லாளுகை நெறிமுறை கேட்கிறது.

இவ்வளவு கெடுபிடி வந்ததற்குக் காரணம் உண்டு. 2005இல் தேசிய சிறுநீரக அறநிறுவன விவகாரம் வெளியானபோது, அன்றைய தலைமை நிர்வாகிக்கு ஆண்டுக்கு 6 லட்சம் வெள்ளி அளவில் சம்பளம் போனது நீதிமன்றத்தில் தெரியவந்தது. மாதாமாதம் கொடுத்துவந்த ஆயிரக்கணக்கானோர் மனம் நொந்து நிறுத்திவிட்டார்கள். அதன்பிறகு நிர்வாகம் முழுவதும் மாறி, அந்த அமைப்பு இன்றும் ரத்தச் சுத்திகரிப்புப் பணியைச் செய்துவருகிறது. அன்று அடி வாங்கியது டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்த நோயாளிதான். கணக்குக் கேட்பதை நான் வலியுறுத்துவது அவருக்காகவே.

200 வெள்ளி கொடுத்தால் 500 வெள்ளி திரும்பக் கிடைக்கும் என்கிறார்களே? (பொங்கோல், ஐடி ஊழியர்)

இல்லை. ஐபிசி தகுதியுள்ள அமைப்புக்குக் கொடுத்தால் 250 விழுக்காடு வரிக் கழிவு உண்டு. 200 வெள்ளிக்கு உங்கள் வருமானத்திலிருந்து 500 வெள்ளியைக் கழித்துவிட்டு வரி போடுவார்கள். உங்கள் வரி 7 விழுக்காட்டுப் படியில் இருந்தால் மிச்சம் 35 வெள்ளி. அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துவிட்டால் கழிவு தானாகவே வரிக் கணக்கில் ஏறிவிடும். கோயில் உண்டியலில் போடுவதற்குக் கழிவு எதிர்பார்க்காதீர்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம். இங்கே நண்பர்களிடமும் மற்றவர்களிடமும் வாட்ஸ்அப்பில் வசூல் செய்யலாமா? (உட்லண்ட்ஸ், கப்பல் பட்டறை மேற்பார்வையாளர்)

தம்பி, நோக்கம் நல்லது, வழிதான் சிக்கல். உங்கள் சம்பளத்திலிருந்து ஊருக்கு அனுப்புவதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் நிதி திரட்ட ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், செலவு போக மிஞ்சும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள் பயன்பட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணம் போன்றவற்றுக்கு ஆணையர் அதைத் தளர்த்தலாம். பள்ளிக் கூரைக்குத் தளர்த்துவார்கள் என்று நம்பி இறங்கிவிடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி கை மாறிக் கை மாறி யாரிடம் போகும் என்று உங்களால் சொல்ல முடியாது. உங்கள் பேநவ் எண்ணுக்கு (கைப்பேசி வழியே பணம் அனுப்பும் வசதி) முகம் தெரியாதவர்கள் பணம் போட ஆரம்பித்தால், நல்லது செய்யப்போய் விளக்கம் சொல்லும் நிலைமை வரும். ஊர்க்காரர்கள் அவரவர் பங்கை அவரவரே பள்ளியின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பட்டும். தலைமை ஆசிரியரிடம் ரசீதும் கூரைச் செலவுப் பட்டியலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பளச் சீட்டில் சிண்டாவுக்கு மாதாமாதம் பிடிக்கிறார்களே, எதற்கு? நிறுத்தலாமா? (ஜூரோங், தாதி)

சிண்டா என்பது சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம். இந்திய வம்சாவளிக் குடிமக்கள், நிரந்தரவாசிகள், எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்ற வேலை அனுமதி வைத்திருப்போர் ஆகியோரிடம் பிடிக்கிறார்கள். சம்பளத்தைப் பொறுத்து 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை. 2,500க்கு மேல் 4,500 வரை வாங்குபவருக்கு 7 வெள்ளி. வேண்டாம் என்றால் படிவம் கொடுத்து விலகலாம்.

நிறுத்தாதீர்கள் என்பது என் வேண்டுகோள். 1991இல் நம் பிள்ளைகள் கணிதத்திலும் அறிவியலிலும் பின்தங்கியிருந்த கவலையில் தொடங்கிய அமைப்பு அது. துணைப்பாட வகுப்பு, குடும்பங்களுக்கான ஆலோசனை எல்லாம் இந்தச் சின்னச் சின்னத் தொகைகளையும் நம்பியே நடக்கின்றன. நேரம் இருந்தால் சிறு பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் தொண்டூழியத்தில் சேருங்கள். எழுத்துக்கூட்டிப் படித்த பிள்ளை ஒரு முழுப் பக்கத்தைத் தானாகப் படித்து முடித்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். அதைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் விட்டுவிட மாட்டார்கள்.

என்னோடு வேலை செய்தவருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. முதலாளி கண்டுகொள்ளவில்லை. சாப்பாட்டுக்கே கஷ்டம். எங்கே போகச் சொல்வது? (தேக்காவிலிருந்து ஒரு கட்டுமான ஊழியர்)

முதலில் ஒன்று. வேலையிடக் காயத்துக்கு மருத்துவச் செலவும் மருத்துவ விடுப்புச் சம்பளமும் சட்டப்படி முதலாளி கொடுக்க வேண்டியவை. சாப்பாடு, தங்குமிடப் பொறுப்பும் அவருடையதே. ஆகவே மனிதவள அமைச்சிடம் உடனே புகார் செய்யச் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டு, சம்பளச் சீட்டு, விபத்து நடந்த இடத்தின் படம் எதையும் தொலைக்க வேண்டாம்.

வழக்கு முடியும்வரை வயிறு காத்திருக்காதே! வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் டிடபிள்யூசி2 அமைப்பு 2008இல் தேக்காவில் தொடங்கிய கஃப் ரோடு உணவுத் திட்டம் இப்படிப்பட்ட ஊழியர்களுக்காகவே வந்தது. வழக்கு பற்றியும் அங்கே வழி சொல்வார்கள். மருத்துவத்துக்கு ஹெல்த்சர்வ் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குவார், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

சுற்றுச்சூழலுக்காகக் குடும்பத்தோடு ஏதாவது செய்ய வேண்டும். மரம் நடுவதைத் தவிர? (பாசிர் ரிஸ், இரண்டு பிள்ளைகளின் தந்தை)

நிறைய இருக்கிறது. 1998இல் தொடங்கிய வாட்டர்வேஸ் வாட்ச் சொசைட்டி தொண்டூழியர்கள் சைக்கிளிலும் படகிலும் போய் நீர்நிலைக் குப்பையை எடுக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ரிப்பேர் கோப்பித்தியாம். பழுதான மின்விசிறியையோ ரைஸ் குக்கரையோ தூக்கிக்கொண்டு போனால், தொண்டூழியர் பக்கத்தில் உட்கார்ந்து, ஸ்குரூ டிரைவரை உங்கள் கையிலேயே கொடுத்துப் பழுதுபார்க்கச் சொல்லித் தருவார். செமக்காவ் குப்பை நிரப்புமிடம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். தூக்கிப் போடுவதை எரித்தாலும் சாம்பல் அங்கேதான் போகிறது.

பழைய துணி, பொம்மை எல்லாம் கொடுக்கலாமா?

உங்கள் தங்கைக்குக் கொடுக்கத் தயங்காத நிலையில் இருந்தால் கொடுங்கள். முதலில் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். மூடிய வாசலில் பையை வைத்துவிட்டு வராதீர்கள்.

நாங்களே ஓர் அறநிறுவனம் தொடங்கினால் என்ன? (புக்கிட் பாஞ்சாங், நண்பர்கள் குழு)

தொடங்கலாம். குறைந்தது மூன்று நிர்வாகக் குழு உறுப்பினர்கள் வேண்டும், அவர்களில் இருவராவது குடிமக்கள் அல்லது நிரந்தரவாசிகளாக இருக்க வேண்டும். ஆனால் தணிக்கை, ஆண்டறிக்கை, கூட்டக் குறிப்பு என்று எழுத்து வேலை நீங்கள் நினைப்பதைவிட அதிகம். ஒரு வருடம் ஏற்கெனவே இருக்கும் அமைப்பில் வேலை செய்யுங்கள். தேவைப்படுவோருக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கும் வில்லிங் ஹார்ட்ஸ் சமையற்கூடத்தில் காய்கறி நறுக்க எப்போதும் கை தேவை. உங்களில் யாருக்காவது கணக்குத் தெரிந்தால், சின்ன அமைப்பு ஒன்றுக்குப் பொருளாளராகப் போங்கள். அந்த இடத்துக்கு ஆள் கிடைப்பதுதான் இங்கே கஷ்டம்.