நினைவு ஆராதனைக்கு எந்த வேதபாடம்?

கேள்வி: என் அப்பா ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். முதலாம் ஆண்டு நினைவு ஆராதனையை வீட்டிலேயே வைக்கிறோம். அம்மா வழிச் சொந்தங்களில் பாதிப்பேர் இந்துக்கள். வாசிக்க வேண்டிய வேதபாடங்களை எங்களையே எடுத்துத் தரச் சொல்லிவிட்டார் சபை ஆயர். எத்தனை எடுப்பது, எதை எடுப்பது?
– வாசகி, திருமங்கலம்

பதில்: மூன்று போதும். ஒரு சங்கீதம், பழைய ஏற்பாட்டிலோ நிருபங்களிலோ (அப்போஸ்தலரின் கடிதங்கள்) ஒரு பாடம், கடைசியில் சுவிசேஷம். ஒவ்வொன்றும் 12 வசனத்தைத் தாண்ட வேண்டாம். உயிர்த்தெழுதல் என்றதும் எல்லாரும் 1 கொரிந்தியர் 15-ஐச் சொல்வார்கள். அதில் 58 வசனங்கள் இருக்கின்றன. முழுவதும் வாசித்தால், பந்தலில் உட்கார்ந்திருப்பவர்களின் காது பாதியிலேயே விலகிவிடும். 51 முதல் 57 வரை எடுங்கள், அந்த அதிகாரத்தின் உச்சமே அதுதான்.

வாத்தியாருக்கு தானியேல் 12:1-3 அழகாகப் பொருந்தும். அநேகரை நீதிக்குட்படுத்துகிறவர்கள் ‘நட்சத்திரங்களைப்போல’ பிரகாசிப்பார்கள் என்று முடியும் பகுதி அது. அவரிடம் படித்தவர்கள் வந்திருந்தால் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இதுவே மேலூர்ப் பக்கம் நெல் விவசாயம் பார்த்த ஒருவருக்கென்றால் யோவான் 12:23-26-ஐச் சொல்வோம், நிலத்தில் விழுந்து செத்துப் பலன் தரும் கோதுமை மணியின் பகுதி. நாற்றங்கால் பாவியவர்களுக்கு அது சட்டென்று புரியும்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆறுதல் பாடமாக எல்லாரும் எடுப்பது 1 தெசலோனிக்கேயர் 4:13-18. அதன் முதல் வசனத்திலேயே ‘நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போல’ துக்கிக்க வேண்டாம் என்று வருகிறது. உங்கள் தாய்மாமா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது இதை வாசித்தால், அந்த ‘மற்றவர்கள்’ தான்தான் என்று அவருக்குப் படும். அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே தம் சபையாருக்கு எழுதுகிறார், உங்கள் மாமாவைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் வாசிக்கும்போது அந்த வித்தியாசம் யார் காதுக்கும் எட்டாது. யோவான் 14:1-3-ஐ எடுங்கள். ‘உங்கள் இருதயம் கலங்காதிருப்பதாக’ என்ற தொடக்கம் அங்கே இருக்கும் ஒவ்வொருவருக்கும் சொன்னதாகவே கேட்கும்.

சங்கீதத்தை நீங்கள் ஒரு வசனம், சபையார் ஒரு வசனம் என்று மாறி மாறி வாசிப்பதானால், அதை மட்டும் தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். வேதாகமம் கொண்டுவராதவர்களும் சேர்ந்துகொள்வார்கள்.

கேள்வி: நாங்கள் கத்தோலிக்கர். அம்மாவின் 30-ஆம் நாள் நினைவுத் திருப்பலி ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நாங்கள் தேர்ந்தெடுத்த வாசகங்களை எடுக்க முடியாது என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். ஏன்?
– வாசகர், அண்ணாநகர், மதுரை

பதில்: அவர் சொன்னது முறைப்படி சரி. ஞாயிறு திருப்பலிக்கு அந்த ஞாயிற்றுக்கு உரிய வாசகங்கள்தான். அம்மாவின் பெயரைத் திருப்பலிக் கருத்தில் (யாருக்காக ஒப்புக்கொடுக்கிறோம் என்பதில்) சேர்க்கலாம், வாசகத்தை மாற்ற முடியாது. சனிக்கிழமை சாயங்காலத்துக்கு மாற்றினாலும் இதே கதைதான். அது ஞாயிறு திருப்பலியாகவே கணக்கு, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சனி காலையோ திங்களோ கேட்டுப் பாருங்கள். பொதுக்காலத்துச் (தவக்காலம், பாஸ்கா போன்ற சிறப்புக் காலங்கள் அல்லாத) சாதாரண வாரநாள் என்றால் இறந்தோருக்கான வாசகங்களுக்கு வழி இருக்கிறது. தேதியை மாற்ற மனமில்லையா? ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கல்லறையில் செபம் வைத்து உங்கள் வாசகங்களை அங்கே வாசியுங்கள்.

வாரநாளில் கிடைத்தால் முதல் வாசகத்துக்கு சாலமோனின் ஞானம் 3:1-9, பதிலுரைப் பாடலுக்குத் திருப்பாடல் 23 அல்லது 27, நற்செய்திக்கு யோவான் 14:1-6. பாஸ்கா காலமாக (உயிர்ப்பு ஞாயிறிலிருந்து தொடரும் வாரங்கள்) இருந்தால் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வராது. திருத்தூதர் பணிகளிலிருந்தோ திருவெளிப்பாட்டிலிருந்தோ எடுக்க வேண்டும், திருவெளிப்பாடு 21:1-5, 6-7 நல்ல தேர்வு. தவக்காலத்தில் ‘அல்லேலூயா’ கிடையாது என்பதைப் பாடகர் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நற்செய்தியைக் குருவோ திருத்தொண்டரோதான் வாசிப்பார், அதைப் பேரப்பிள்ளைக்கு ஒதுக்க வேண்டாம்.

மருமகளோ சம்பந்தி வீட்டாரோ சி.எஸ்.ஐ.யிலிருந்து வந்து வாசிப்பதாக இருந்தால் புத்தகத்தை நீங்களே கொடுங்கள். அவர்கள் வீட்டு வேதாகமத்தில் சாலமோனின் ஞானம் என்ற நூலே இருக்காது.

கேள்வி: என் தம்பி 24 வயதில் பைக் விபத்தில் போய்விட்டான். அம்மா இன்னும் தேறவில்லை. ‘கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்’ என்ற பகுதியை வைக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள்.
– வாசகி, உசிலம்பட்டி

பதில்: வேண்டாம், அம்மா. யோபு 1:21, பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவே தன் வாயால் சொன்ன வார்த்தை. பறிகொடுத்தவர் தானாகச் சொன்னால் அது விசுவாச அறிக்கை. அதையே மற்றவர்கள் எடுத்து அவரிடம் வாசித்தால், அழாதே என்று அதட்டுவதுபோல் ஆகிவிடும். சங்கீதம் 90-ஐயும் அப்படியே முழுதாக வாசிக்காதீர்கள். 10-ஆம் வசனம் ஆயுசு எழுபது, எண்பது என்று சொல்கிறது. 24 வயது மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அந்த எண்ணைத் தாங்க முடியாது.

புலம்பல் 3:17-26 வாசியுங்கள். ‘சுகத்தை மறந்தேன்’ என்று உடைந்துபோன இடத்தில் தொடங்கி, அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை என்று மெதுவாக ஏறி வரும் பகுதி. முதல் ஐந்து வசனங்களை விட்டுவிட்டு 22-இல் தொடங்கச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். அந்த ஐந்தும்தான் உங்கள் அம்மாவின் குரல்.

சுவிசேஷத்துக்கு யோவான் 11:20-27-ஐயும் 32-36-ஐயும் சேர்த்து எடுங்கள். ‘நீர் இங்கே இருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்று இறந்துபோன லாசருவின் இரண்டு சகோதரிகளுமே இயேசுவிடம் கேட்கிறார்கள். அக்காவாகிய நீங்களும் மனசுக்குள் கேட்டிருப்பீர்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார். 36-ஓடு நிறுத்துங்கள். லாசரு உயிரோடு எழுந்து வருவதை இந்த நாளில் வாசித்தால், என் பிள்ளை ஏன் வரவில்லை என்ற கேள்விதான் அம்மாவுக்கு எழும்.

நீங்களே வாசிப்பதானால் மூன்று நாள் முன்பிருந்து சத்தமாக வாசித்துப் பழகுங்கள். குரல் எந்த வசனத்தில் உடைகிறது என்பது அப்போது தெரிந்துவிடும். அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த இடத்தில் நின்று மூச்செடுங்கள். பக்கத்தில் இன்னொருவர் அதே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கட்டும்.

கேள்வி: நினைவு அட்டையில் வசனம் போடும்போது எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், வாடிப்பட்டி

பதில்: புத்தகப் பெயருக்கு முன்னால் வரும் எண்ணை. ‘1 யோவான் 3:2’ நாம் இனி எவ்விதமாயிருப்போம் என்று சொல்லும் ஆறுதல் வசனம். அச்சுக்கோப்பில் அந்த ‘1’ விழுந்துவிட்டால், நிக்கொதேமு ராத்திரியில் இயேசுவைப் பார்க்க வந்த வசனமாகிவிடும். அச்சுக்கூடத்துக்கு எண்ணை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் வசனத்தையும் முழுதாகத் தட்டச்சு செய்து அனுப்புங்கள். மாதிரி வந்ததும் வேதாகமத்தைத் திறந்து வைத்து ஒப்பிட்ட பிறகே அச்சுக்குச் சம்மதம் சொல்லுங்கள். அட்டையில் ‘கர்த்தர்’ என்ற மொழிபெயர்ப்பும் ஆராதனையில் ‘ஆண்டவர்’ என்ற மொழிபெயர்ப்புமாக இல்லாமல், இரண்டும் ஒரே பதிப்பாக இருக்கட்டும்.