வவுனியாவில் தனியாளிடம் பழைய ஒமேகா மணிக்கூடு வாங்கமுதல் எதைப் பார்க்க வேண்டும்?

பெரியப்பாவின் 1960களின் ஒமேகா சீமாஸ்டரை ஒருவர் விற்கிறார், ஓடுகிறது, பெட்டி இல்லை, வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெட்டி இல்லாதது பரவாயில்லை. பின்மூடியைத் திறந்து பார்க்காமல் மட்டும் காசு கொடுக்காதீர்கள். மணிக்கூடு திருத்துபவர் ஒருவரிடம் இருவருமாகப் போய்த் திறக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் ஒமேகா பெயர், இயந்திர வகையைச் சொல்லும் கலிபர் எண், தொடர் இலக்கம் மூன்றும் பொறித்திருக்க வேண்டும், அந்தக் காலத்து இயந்திரம் பெரும்பாலும் செம்பு நிறத்தில் மினுங்கும். தொடர் இலக்கம் காட்டும் காலமும் மூடியின் உட்பக்க மாதிரி எண்ணும் ஒத்துவராவிட்டால் வேறு வேறு மணிக்கூடுகளின் பாகங்களைச் சேர்த்திருக்கலாம், நான் என்றால் விட்டுவிடுவேன்.

அப்புறம் முகப்பு. லென்ஸ் வைத்துப் பாருங்கள், எழுத்தின் விளிம்பு தடித்து மை பரவியிருந்தால் பெரும்பாலும் திரும்பப் பெயின்ட் அடித்ததுதான், விலையை நன்றாகக் குறைத்துக் கேட்கலாம். 6 மணிக்குக் கீழே 'சுவிஸ் மேட்' என்பதற்கு இரு பக்கமும் 'டி' எழுத்து இருந்தால், இருட்டில் ஒளிரப் பூசியிருப்பது ட்ரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், 12 வருடத்துக்குச் சற்று அதிகம், ஆகவே இன்று இருட்டில் பளிச்சென்று ஒளிர்ந்தால் பிறகு யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள்.

எல்லாம் சரி என்றால், தொடர் இலக்கத்தைக் குறிப்பிட்டு, விற்பவரின் கையெழுத்தோடும் அடையாள அட்டைப் பிரதியோடும் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு காசைக் கொடுங்கள்.