ஜிர்கா சொன்னதா, குர்ஆன் சொன்னதா?

கேள்வி: பதினொன்றாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். பாகிஸ்தானில் கொலைப்பகையைத் தீர்க்க எதிரி வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த செய்தியைப் படித்த மாணவன், "இஸ்லாத்துல இப்படித்தானா சார்?" என்றான். எப்படி விளக்குவது?

பதில்: முதலில் அந்த வழக்கத்தின் பெயரைச் சொல்லுங்கள்: ஸ்வாரா. பாகிஸ்தானின் வடமேற்கிலும் ஆப்கானிஸ்தானிலும் வாழும் பஷ்தூன் இனத்தாரின் பகுதிகளில் கொலைப்பகை வந்தால் ஜிர்கா, அதாவது ஊர்ப் பெரியவர்களின் பஞ்சாயத்து, கூடும். கொன்றவன் வீட்டுப் பெண்ணை, பல நேரம் சிறுமியை, இறந்தவர் வீட்டில் கட்டிக்கொடுத்தால் பகை தீர்ந்தது. கொன்றது அண்ணனோ சித்தப்பாவோ. காலமெல்லாம் அனுபவிப்பது அவள். ஆனால், ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்கிறது குர்ஆன் (6:164, அதாவது 6-ஆம் அத்தியாயம், 164-ஆம் வசனம்). ஈட்டுத்தொகை வாங்கிக்கொண்டு கொலையாளியை மன்னிக்க இஸ்லாமியச் சட்டத்தில் இடம் உண்டு. அது பணம்தான். பெண்ணைப் பணமாக்கியது ஜிர்கா. சட்டங்கள் இஸ்லாத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் பாகிஸ்தானின் ஃபெடரல் ஷரீஅத் நீதிமன்றமே 2021-இல் ஸ்வாரா இஸ்லாத்துக்கு முரணானது என்று தீர்ப்புச் சொன்னது.

கல்யாணப் பணத்தையும் எடுத்துக்காட்டுங்கள், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். மணமகன் கொடுக்கும் மணக்கொடையான மஹர் மணமகளின் கைக்கே போக வேண்டும் (4:4). பஷ்தூன்களில் மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் 'வல்வர்' என்ற பணம் அவளுடைய அப்பாவிடம் போகிறது. நம் பக்கத்துக் கைக்கூலியோ (வரதட்சணை) பெண் வீட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது. மூன்றையும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக் காட்டினாலே போதும்.

ஆயுதக் குழுக்களைப் பற்றியும் மாணவர்கள் கேட்கலாம்; அது வேறு கதை. 2014 டிசம்பர் 16 அன்று பெஷாவர் ராணுவப் பள்ளியில் புகுந்து 130-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கொன்ற பாகிஸ்தான் தாலிபான், ஆப்கன் எல்லையோர வடக்கு வஜீரிஸ்தானில் ராணுவம் நடத்திய தாக்குதலுக்குப் பழிவாங்கியதாகச் சொன்னது. போரில்கூடப் பெண்களையும் குழந்தைகளையும் கொல்ல நபிகள் நாயகம் தடை விதித்தது புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. ஆப்கன் தாலிபானே அந்தத் தாக்குதலை இஸ்லாத்துக்கு எதிரானது என்று கண்டித்தது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கடுமையாகத் தெரிவதையெல்லாம் 'அது மதமில்லை, பழக்கம்' என்று ஒதுக்கிவிடாதீர்கள். திருட்டுக்குக் கை வெட்டும் தண்டனை குர்ஆனிலேயே இருக்கிறது (5:38). அதற்குச் சட்ட அறிஞர்கள் போட்ட கறாரான நிபந்தனைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்தால் பையன் வீட்டுக்குப் போய் போனில் தேடிப் பார்த்துவிடுவான். அப்புறம் ஸ்வாரா பற்றி நீங்கள் சொன்ன உண்மையையும் நம்ப மாட்டான்.